வீவக ஓவனுக்குள் ஓர் இரும்புத் தகடு: எந்தப் பீட்சா வரும், எது வராது

பீட்சா சுடுவதற்கென்றே விற்கும் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டின் அட்டைப்பெட்டியில் பெரும்பாலும் ஒரே படம்தான் இருக்கும்: விளிம்பு பந்துபோல் உப்பி, அங்கங்கே சிறுத்தைப் புள்ளியாகக் கருகிய நேப்பிள்ஸ் பீட்சா. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறை அலமாரிக்குள் பொருத்திய, 250 டிகிரியோடு நின்றுவிடும் மின்சார ஓவனில் இந்தத் தகடு அந்தப் பீட்சாவைச் சுடாது. மாவை மாற்றினாலும் சுடாது, ஓவனின் மேல்கம்பியான கிரில்லை முடுக்கினாலும் சுடாது. ஆனால் நியூயார்க் பாணிப் பீட்சாவையும் ரோம் நகரத்து மெல்லிய பீட்சாவையும் இதே தகடு அருமையாகச் சுட்டுத் தரும். படத்தை நம்பி வாங்கியவருக்குத்தான் ஏமாற்றம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். 35 × 40 செ.மீ., 6 மி.மீ. கனம், எடை ஏறத்தாழ 6.6 கிலோ. இணையத்தில் நூறு வெள்ளியை ஒட்டிய விலை. எந்தப் பெயரில் விற்றாலும் உள்ளே இருப்பது சாதாரணக் கார்பன் எஃகு, அதாவது நம் தோசைக்கல்லின் நெருங்கிய உறவு. "துருப்பிடிக்காதது" என்று விளம்பரம் செய்தால் அது எவர்சில்வர், வேண்டாம். கார்பன் எஃகு சூட்டைக் கடத்தும் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் எவர்சில்வருக்கு. துத்தநாகம் பூசிய பளபளப்பான தகட்டை ஓவனுக்குள் வைக்கவே கூடாது.

உலோகப் பட்டறையில் வெட்டி வாங்கினால் விலை குறையும். ஆனால் அந்தத் தகட்டின்மேல் சாம்பல்கறுப்பு நிறத்தில் ஆலைப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துத் தேய்த்து எடுக்காவிட்டால் நாளடைவில் அது செதிலாக உரிந்து பீட்சாவின் அடியில் ஒட்டும். விளிம்பையும் மழுக்கித் தரச் சொல்லுங்கள். வெட்டிய எஃகு விளிம்பு கத்திக்குச் சமம்.

வாங்குமுன் ஓவனை அளப்பது முக்கியம். 60 செ.மீ. அகல ஓவனுக்கு உள்ளே கிடைக்கும் இடம் அதைவிட நன்றாகவே குறைவு. தகட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 செ.மீ. இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் சூடான காற்று தகட்டுக்கு அடியிலேயே அடைபடும். மேலே சீஸ் உருகுவதற்குள் கீழே மாவு தீய்ந்துவிடும். மேசைமேல் வைக்கும் 30 லிட்டர் ஓவனுக்கு இந்த அளவு நுழையாது. 30 × 30 செ.மீ. வெட்டு கிடைக்கிறது, அதை வாங்கலாம். 10 மி.மீ. கனத் தகடும் உண்டு. அடுத்தடுத்து ஆறு பீட்சா சுடுகிறவர்களுக்கு அது நல்லது. எடை 11 கிலோவைத் தொடும் என்பதால் சூடான ஓவனிலிருந்து கம்பித்தட்டை வெளியே இழுத்தால் தட்டு முன்பக்கம் சாயும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 6 மி.மீ. போதும்.

கொதிக்கும் சாம்பாரில் ஒரு மரக்கரண்டியும் ஓர் இரும்புக் கரண்டியும் கிடக்கின்றன. இரண்டும் ஒரே சூட்டில்தான் இருக்கின்றன, ஆனால் கை பொசுங்குவது இரும்பைத் தொட்டால்தான். பீட்சாக் கல்லுக்கும் தகட்டுக்கும் உள்ள வேறுபாடு இதே கதை. பீட்சாக் கல் செய்யும் கார்டியரைட் என்ற பீங்கானைவிட இரும்பு பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் சூட்டைக் கடத்தும். ஓவனை 250 டிகிரியில் முக்கால் மணி நேரம் காயவைத்து, ஒரே மாவில் 250 கிராம் உருண்டைகளைத் தட்டிப் போட்டால், கல்லின்மேல் 9 முதல் 10 நிமிடம் பிடிக்கிறது, தகட்டின்மேல் 6 நிமிடம். இந்த மூன்று நான்கு நிமிட வித்தியாசம்தான் எல்லாம். ஓவனுக்குள் கழியும் ஒவ்வொரு நிமிடமும் மாவிலிருந்து ஈரம் போய்க்கொண்டே இருக்கிறது. பத்து நிமிடம் கிடந்த விளிம்பு ரஸ்க்கைப்போல் வறண்டுவிடும். ஆறு நிமிடத்தில் எடுத்தது வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே இழுபடும் மென்மையோடும் இருக்கும்.

"அப்படியானால் கடைகளில் ஏன் கல்லிலேயே சுடுகிறார்கள்?" என்று கேட்கத் தோன்றும். விறகு அடுப்பின் தளம் 400 டிகிரியைத் தொடுவது. அந்தச் சூட்டில் இரும்பு வைத்தால் மேலே வேகுமுன் அடி கரியாகிவிடும். சூட்டை மெதுவாக விடும் கல்தான் அங்கே காப்பாற்றுகிறது. அடுப்பின் சூடு குறையக் குறைய, தளம் சூட்டை வேகமாகக் கொடுத்தாக வேண்டும். 400 டிகிரி வரை போகும் மேசைமேல் மின் பீட்சா ஓவன்களுக்குள் கல் இருப்பதும் இதனால்தான். அந்தக் கல்லை எடுத்துவிட்டு இந்தத் தகட்டை உள்ளே வைக்காதீர்கள்.

எது பீட்சா?

இந்தக் கேள்விக்கு நேப்பிள்ஸ்காரர்களிடம் எழுத்திலேயே பதில் இருக்கிறது. 1984-இல் அங்கே தொடங்கிய உண்மையான நேப்பிள்ஸ் பீட்சாச் சங்கம் மாவு, உப்பு, தண்ணீர், ஈஸ்ட் நான்கைத் தவிர மாவில் வேறொன்றும் சேரக்கூடாது என்கிறது. எண்ணெயும் கிடையாது, சீனியும் கிடையாது. கையால்தான் தட்ட வேண்டும். 60 முதல் 90 வினாடிக்குள் வெந்து வர வேண்டும். குறுக்களவு 35 செ.மீ.-ஐத் தாண்டக்கூடாது, நடுப்பகுதி கால் சென்டிமீட்டர் கனம், விளிம்பு 1 முதல் 2 செ.மீ. உயரம். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெயருக்கு மரபுச் சிறப்புச் சான்று கொடுத்தபோது அதற்குள் வந்தவை மரினாரா, மார்கரீட்டா என்ற வகைகள்தான். 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததோ பீட்சா அல்ல, அதைச் சுடுகிறவர்களின் கைத்திறன்.

இந்த அளவுகோலைப் பிடித்தால் உலகத்துப் பீட்சாவில் பெரும்பங்கு பீட்சாவே அல்ல. அதனால் அதை நேப்பிள்ஸோடு விட்டுவிடலாம். நடைமுறைக்கு ஒத்துவரும் விளக்கம் இது: ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த கோதுமை மாவு, அதன்மேல் வேகாத நிலையிலேயே வைத்த மேற்பொருள், இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே சூட்டில் வேக வேண்டும். சுட்டு எடுத்த நானின்மேல் சீஸ் தூவி மறுபடி சூடாக்கினால் அது சீஸ் நான்தான். முர்தபாவில் மாவு பொங்குவதும் இல்லை, பொருள் மேலே இருப்பதும் இல்லை. சீஸ் பரோட்டா நெய்யில் அடுக்கடுக்காகச் சுட்ட பரோட்டா. அதற்குப் பீட்சா என்று பட்டம் கட்டினால் பரோட்டாவுக்குத்தான் அவமானம். அரைத்த இறைச்சியை மெல்லிய மாவின்மேல் பரப்பிச் சுடும் துருக்கியரின் லஹ்மாஜுன் இந்த விளக்கத்துக்கு மிக அருகில் வந்து நிற்கும். அதுவோ தனக்கென்று பெயரும் மரபும் உள்ள பண்டம். விளக்கத்திலும் ஓட்டை இல்லாமல் இல்லை: ரோமில் மேலே எதுவுமே வைக்காத வெள்ளைப் பீட்சா உண்டு, நேப்பிள்ஸிலேயே எண்ணெயில் பொரித்த பீட்சா உண்டு. இரண்டையும் பீட்சா இல்லை என்று அந்த ஊர்களில் போய்ச் சொல்ல முடியாது.

கவனியுங்கள், மேலே என்ன வைக்கிறோம் என்பது இந்த விளக்கத்தில் எங்குமே இல்லை. அன்னாசி பீட்சாவில் வரலாமா என்று நெடுநாளாகச் சண்டை நடக்கிறது. 1962-இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் சாம் பனோபூலோஸ் என்ற கிரேக்கர் டப்பா அன்னாசியை வைத்துத் தொடங்கியது அது. ஹவாயன் பீட்சா என்று பெயர் பெற்றாலும் அது ஹவாயில் பிறந்ததல்ல. சம்பல் இறால் வைத்தாலும் சரி, பன்னீர் டிக்கா வைத்தாலும் சரி, மாவும் சூடும் ஒழுங்காக இருந்தால் அது பீட்சாதான். ஒரு பாணியை இன்னொன்றிலிருந்து பிரிப்பவை மாவின் ஈரம், கனம், சூடு, நேரம். தகட்டின் தரத்தையும் இந்த நான்கை வைத்துத்தான் சொல்ல முடியும்.

பாணி பாணியாக

நேப்பிள்ஸ். தோல்வி. எண்ணெயும் சீனியும் இல்லாத மாவு 250 டிகிரியில் நிறம் பிடிக்கவே ஏழு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. அதற்குள் விளிம்பு காய்ந்து கட்டையாகிவிடும். இதில் பலர் செய்யும் செலவு ஒன்று உண்டு: இத்தாலியிலிருந்து வரும் 00 மாவைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது. 00 என்பது மாவு எவ்வளவு நைசாக, எவ்வளவு வெள்ளையாக அரைபட்டது என்பதைச் சொல்லும் எண்; புரதத்தின் அளவை அது சொல்லாது. அந்த மாவில் பொதுவாக மால்ட் (முளைகட்டிய தானியத்தின் தூள்) சேர்ப்பதில்லை. 400 டிகிரியில் கருகாமல் இருக்கத்தான் அப்படி. 250 டிகிரியில் அதுவே குறையாகி, பீட்சா நோய்ப்பட்டதுபோல் வெளுத்துக் கிடக்கும். புரதம் 12 முதல் 13 சதவீதம் உள்ள சாதாரண பிரெட் மாவுதான் இந்தத் தகட்டுக்குச் சரி. ஃபேர்பிரைஸ், பூன் ஹுவாட் கடைகள் எங்கும் கிடைக்கும். 00 மாவு ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? மாவின் எடையில் ஒன்றரை சதவீதம் சீனியோ தேனோ சேர்த்துப் பிசைந்து தீர்த்துவிடுங்கள்.

நியூயார்க். தகட்டின் முழு மதிப்பும் தெரிவது இங்கேதான். 1905-இல் லொம்பார்டியின் கடையில் தொடங்கி வளர்ந்த இந்தப் பாணி, நேப்பிள்ஸ் பீட்சா அமெரிக்க அடுப்புக்கும் அமெரிக்க மாவுக்கும் ஏற்ப மாறிய வடிவம். மாவில் கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் சீனி, மேலே ஈரம் குறைந்த மொசரெல்லா. வீட்டு ஓவனின் குறைகள் அத்தனைக்கும் இந்த மாவிலேயே மருந்து இருக்கிறது: எண்ணெய் ஈரத்தைப் பிடித்துவைக்கும், சீனி நிறம் கொடுக்கும். 30 செ.மீ. பீட்சா இரண்டுக்கு அளவு: பிரெட் மாவு 300 கிராம், தண்ணீர் 195, உப்பு 8, எண்ணெய் 6, சீனி 3, உடனடி ஈஸ்ட் 0.6 கிராம். சமையலறைத் தராசு 0.6-ஐக் காட்டாது, கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக எடுங்கள். சீனியை 2 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் தகட்டில் அடி கசக்கும் அளவுக்குத் தீயும். கல்லுக்கு எழுதிய செய்முறைகளை அப்படியே தகட்டுக்குப் பின்பற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

தகடு ஓவனின் மேலிருந்து இரண்டாவது தட்டில், கிரில் கம்பியிலிருந்து 12 முதல் 15 செ.மீ. கீழே இருக்க வேண்டும். அடியில் வைத்தால் அடி முந்திக்கொள்ளும், சீஸ் பிந்தும். மேல்-கீழ் சூட்டில் 250 டிகிரிக்கு வைத்து 45 நிமிடம் காயவிடுங்கள். ஓவன் இருபதே நிமிடத்தில் மணியடித்துத் தயார் என்று சொல்லும். அது காற்றின் சூடு; தகடு அப்போது பாதி வழியில்தான் இருக்கும். பீட்சாவைப் போட ஐந்து நிமிடம் முன்பாகக் கிரில்லைப் போட்டால் மேற்பரப்பு இன்னும் பதினைந்து இருபது டிகிரி ஏறும். துப்பாக்கி வடிவ வெப்பமானி இருந்தால் எண்ணெய் ஏற்றிக் கறுத்த தகட்டில் அது சரியாகக் காட்டும். பளபளப்பான புதுத் தகட்டில் காட்டும் எண் நம்பக்கூடியது அல்ல, உண்மையைவிட மிகக் குறைவாகவே காட்டும்.

பீட்சாவைத் தள்ளியதும் நான்கு நிமிடம் மேல்-கீழ் சூடு, பிறகு ஒன்றரை இரண்டு நிமிடம் கிரில். அவ்வளவுதான். ஒன்றை எடுத்ததும் அடுத்ததை உடனே போட்டால் அடி வெளுக்கும். பீட்சா உட்கார்ந்த இடத்தில் தகடு நாற்பது டிகிரி வரை இறங்கியிருக்கும். கதவை மூடி எட்டிலிருந்து பத்து நிமிடம் விடுங்கள். விருந்தாளிகள் வரும் நாளில் இந்த இடைவேளையைக் கணக்கில் வையுங்கள்.

ரோம், வட்டமும் தட்டும். ரோமில் இரண்டு பீட்சா உண்டு, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. வட்டமானது அப்பளம்போல் மெலிந்து நொறுங்குவது. இதற்குத் தண்ணீர் மாவின் எடையில் 55 சதவீதம் போதும், எண்ணெய் 3 சதவீதம், 180 கிராம் உருண்டையை 30 செ.மீ. வரை கட்டையால் தேய்க்க வேண்டும். நேப்பிள்ஸில் கட்டையைத் தொட்டால் பாவம், இங்கே கட்டைதான் மரபு. சப்பாத்தி தேய்த்துப் பழகிய கைக்கு இதைவிட எளிய பீட்சா கிடையாது. ஒட்டாத மாவு, கிழியாது, பலகையிலிருந்து தானாக வழுக்கும். தகட்டில் 5 நிமிடம். முதன்முதலாகப் பீட்சா சுடுகிறவர்கள் இதில் தொடங்கலாம். நியூயார்க் பாணியில் தொடங்கி மாவு கிழிந்து, தகட்டில் ஒட்டி, சீஸ் வழிந்து புகைந்த பிறகு தகட்டைப் பரணில் ஏற்றிவிடுகிறவர்கள் நிறைய. ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்ற கதையில் தகட்டுக்குத்தான் கெட்ட பெயர்.

தட்டில் சுட்டு, கத்தரிக்கோலால் வெட்டி எடைபோட்டு விற்பது இன்னொன்று. தண்ணீர் 75 முதல் 80 சதவீதம். இட்லி மாவுக்கும் சப்பாத்தி மாவுக்கும் நடுவில் ஒரு பதம். கையால் பிசைய முடியாது, அரை மணிக்கொரு தடவை ஈரக்கையால் மடித்து மடித்துத்தான் வலுவேற்ற வேண்டும். தட்டைத் தகட்டின்மேல் வைத்தால் அடி நன்றாகச் சிவக்கிறது. முதல் பத்து நிமிடம் தக்காளி மட்டும், அப்புறம் சீஸ் போட்டு ஐந்தாறு நிமிடம். தகடு இல்லாமலும் வரும், அடி மட்டும் கொஞ்சம் மென்மையாக இருக்கும்.

டெட்ராய்ட். 1946-இல் பட்டீஸ் (Buddy's) என்ற கடையில், மோட்டார் தொழிற்சாலைகளில் உதிரிப்பாகம் வைக்கப் பயன்பட்ட நீலநிற எஃகுத் தட்டுகளில் சுட்டுத் தொடங்கியது என்று சொல்லப்படும் நீள்சதுரப் பீட்சா. இதன் உயிர் சீஸ் முறுகல். தோசை ஓரத்தில் எண்ணெய் விட்டு முறுகவிடுவதுபோல், சீஸைத் தட்டின் சுவரோடு ஒட்டித் தூவினால் அது உருகி வழிந்து, சுவருக்கும் மாவுக்கும் நடுவே கரும்பழுப்பாக முறுகும். 20 × 25 செ.மீ. தட்டுக்கு 70 சதவீத நீரில் பிசைந்த மாவு 330 கிராம், சீஸ் 200 கிராம், தக்காளி மேலே கோடு கோடாக. விஸ்கான்சினின் பிரிக் சீஸை இங்கே தேடி அலைய வேண்டாம். பாதி மொசரெல்லா, பாதி செடர் போதும். தட்டைத் தகட்டின்மேல் வைத்து 13 முதல் 15 நிமிடம். எடுத்து இரண்டு நிமிடத்துக்குள் கரண்டியால் ஓரத்தை விடுவியுங்கள், ஆறினால் சீஸ் சிமென்ட் ஆகிவிடும். நான்-ஸ்டிக் தட்டு வேண்டவே வேண்டாம். அந்தப் பூச்சு 260 டிகிரியை ஒட்டிச் சிதையத் தொடங்கும், கிரில்லுக்கு அடியில் அது எளிதாக வந்துவிடும்.

சிகாகோவின் ஆழ்தட்டுப் பீட்சா (1943-இல் தொடங்கியது) 220 டிகிரியில் முப்பது நாற்பது நிமிடம் வேகும் பை (pie) வகை. கீழே சீஸ், மேலே தக்காளி. இதற்குத் தகடு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நம் ஊர் வெக்கையில் மாவு

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான செய்முறைகள் 20, 21 டிகிரி அறைக்கு எழுதியவை. சிங்கப்பூர் சமையலறை 29, 30 டிகிரி. "ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இரண்டு மணி நேரம் வையுங்கள்" என்பதை இங்கே அப்படியே செய்தால் உருண்டை அமுங்கிச் சப்பையாகி, தட்டும்போது கையோடு வழியும். நாற்பத்தைந்து நிமிடம் போதும், மழை நாளானால் ஒரு மணி. குழாய்த் தண்ணீரும் வெதுவெதுப்பாகவே வருகிறது. பிசைவதற்கு ஃபிரிட்ஜ் தண்ணீரையே எடுங்கள், இயந்திரத்தில் பிசைந்தால் இன்னும் கட்டாயம். பிசைந்து முடித்த மாவு 24, 25 டிகிரியில் இருப்பது நல்லது. 28-ஐத் தாண்டினால் ஃபிரிட்ஜில் வைத்த பிறகும் உள்ளே சூடு அடங்குவதற்குள் ஈஸ்ட் பாதி வேலையை முடித்துவிடும். மறுநாள் டப்பா மூடி தூக்கிக்கொண்டு நிற்கும்.

மேலே 300 கிராம் மாவுக்குச் சொன்ன 0.6 கிராம், அதாவது 0.2 சதவீத ஈஸ்ட் இதற்காகத்தான். செய்முறைப் புத்தகங்கள் ஒரு முழுப் பொட்டலம், அதாவது 7 கிராம், போடச் சொல்லும். அது இரண்டு மணி நேர அவசர மாவுக்கு. குறைந்த ஈஸ்டில் ஃபிரிட்ஜில் ஒருநாள் முதல் மூன்று நாள் வரை மெதுவாகப் புளித்த மாவுக்குத்தான் மணமும், எளிதாக விரியும் குணமும் வரும். முதல்நாள் அரைத்த இட்லி மாவின் பக்குவம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான்காம் நாள் மாவு கிழியும், நிறமும் பிடிக்காது. சீனியை ஈஸ்ட் தின்று தீர்த்திருக்கும்.

மாவைத் தகட்டுக்குத் தள்ளும் பலகையில் கோதுமை மாவைத் தூவாதீர்கள். நம் காற்றின் ஈரத்தில் ஒரே நிமிடத்தில் பசையாகிவிடும், மிஞ்சியது தகட்டில் தீய்ந்து கசக்கும். அரிசி மாவு நன்றாக வேலை செய்கிறது. ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சாது, சீக்கிரம் கருகாது. நைசான ரவையும் ஆகும். அரிசி மாவிலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பீட்சாவைப் பலகையில் காக்கவைக்கக்கூடாது. மேற்பொருளை எல்லாம் முன்பே நறுக்கி வைத்துக்கொண்டு, கடைசியில் மாவை விரியுங்கள். ஓவனைத் திறக்குமுன் பலகையை ஒருமுறை குலுக்குங்கள். நகராத பீட்சாவைத் தள்ள முயன்றால் மேற்பொருள் மட்டும் தகட்டில் விழும், மாவு பலகையிலேயே நிற்கும்.

மேற்பொருளில் குறைவே நிறைவு. 30 செ.மீ. பீட்சாவுக்குத் தக்காளி 75 கிராம், சீஸ் 110 கிராம். டப்பாவில் வரும் முழுத் தக்காளியைக் கையால் நசுக்கி, உப்பு மட்டும் போட்டால் போதும், காய்ச்சவே தேவையில்லை. சந்தையில் கிடைக்கும் கேமரன் மலைத் தக்காளியில் தண்ணீர் அதிகம். அதைப் பச்சையாகப் போட்டால் நடுப்பகுதி சொதசொதவென்று ஊறிவிடும். பாதியாக வற்றும்வரை காய்ச்சுங்கள். சீஸ் கட்டியாக விற்கும் ஈரம் குறைந்த மொசரெல்லாவாக இருக்கட்டும், துருவுமுன் கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் துருவியில் ஒட்டாது. துருவியே விற்பதில் ஒட்டாமலிருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பார்கள். உருகினாலும் ஒன்றாகச் சேராது. தண்ணீரில் மிதக்கும் புது மொசரெல்லா வேண்டுமென்றால் கீறி, வடிகட்டியில் போட்டு, ஃபிரிட்ஜில் மூன்று மணி நேரம் வடியவிடுங்கள். ஒன்றரை நிமிட அடுப்பில் அதன் தண்ணீர் பிரியுமுன் பீட்சா வெளியே வந்துவிடும். ஆறு நிமிடத்தில் குளம் கட்டும்.

பன்னீர் உருகாது. அமிலத்தில் திரித்த பால் அப்படித்தான். அதனால் அதைச் சீஸுக்குப் பதிலாக வைக்க முடியாது, காய்கறிபோல் ஒரு செ.மீ. துண்டாக மசாலாவும் எண்ணெயும் பிரட்டித்தான் வைக்க வேண்டும். சைவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று: பார்மிஜானோ ரெஜ்ஜானோ, கிரானா பதானோ இரண்டிலும் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலைத் திரிக்கும் ரென்னட் உண்டு. "வெஜிடேரியன் பீட்சா" என்று எழுதியிருக்கும் கடைகளிலும் மேலே தூவுவது பலநேரம் இதுதான். மொசரெல்லா பலவற்றில் நுண்ணுயிர் ரென்னட். உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். ஹலால் பார்ப்பவர்களும் சீஸ் உறையைப் படிக்க வேண்டும், இறைச்சியில் மட்டும் முயிஸின் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் முத்திரையைத் தேடினால் போதாது.

இனி வேறு வழிகள். நேப்பிள்ஸ் பாணிதான் வேண்டும் என்றால் 400 டிகிரி வரை போகும் மேசைமேல் மின் ஓவன்தான் கதி. சாதாரண 13 ஆம்பியர் பிளக்கில் ஓடும், பீட்சா இரண்டு நிமிடத்துக்குள் வரும். ஆனால் அது ஒன்றே ஒன்றுதான் செய்யும், பெரும்பாலானவை 30 செ.மீ.-க்கு மேல் ஏற்காது, சமையல் மேடையில் நிரந்தர இடம் கேட்கும். மேலே தொங்கும் அலமாரிக்கு அடியில் வைக்கக்கூடாது. தளத்தில் சிந்திய மாவு அந்தச் சூட்டில் நொடியில் புகையும். 2018 ஜூன் முதல் புதிய வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம் என்பதால், புது வீட்டுக்காரர்கள் முதல் பீட்சாவிலேயே அது அலறுவதைக் கேட்க நேரிடலாம். சன்னலைத் திறந்து, புகைபோக்கியைப் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். விறகிலும் எரிவாயுவிலும் எரியும் கையடக்கப் பீட்சா அடுப்புகள் வெட்டவெளிக்கென்று செய்தவை. மூடிய சேவை முற்றத்தில் கார்பன் மோனாக்சைடு சேரும், பொது நடைபாதையில் தீ மூட்டுவது பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

செலவே இல்லாத வழியும் ஒன்று உண்டு. வீட்டில் கனமான, தட்டையான வார்ப்பிரும்புத் தோசைக்கல் இருந்தால், அதை அடுப்பில் நன்றாகக் காயவைத்து, விரித்த மாவைப் போட்டு, விறுவிறுவென்று மேற்பொருளை வைத்து, அடி புள்ளி விட்டதும் கல்லோடு தூக்கிக் கிரில்லுக்கு அடியில் மூன்று நிமிடம் வையுங்கள். கைப்பிடி மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கக்கூடாது. 24 செ.மீ. பீட்சாவுக்கு இது தகட்டோடு போட்டி போடும். மாதம் ஒரு தடவை சுடுகிறவர் நூறு வெள்ளி செலவழிக்குமுன் இதைச் செய்து பார்ப்பது நல்லது. வாரம் ஒரு தடவை சுடுகிறவர் தகட்டை வாங்கலாம். மின்சாரம் ஒரு பெரிய கணக்கில்லை: காயவைக்கவும் மூன்று பீட்சா சுடவும் ஏறத்தாழ இரண்டு யூனிட்தான் ஆகும்.

வந்த கையோடு தகட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஆலை எண்ணெயை நீக்கி, உடனே துடைத்துக் காயவையுங்கள். பிறகு தோசைக்கல்லைப் பழக்குவதுபோல்தான்: எண்ணெயை மெலிதாகத் தடவி, தடவவே இல்லையோ என்று தோன்றும்வரை துடைத்து எடுத்து, 230 டிகிரியில் ஒரு மணி நேரம். மூன்று தடவை. எண்ணெயைத் தாராளமாக விட்டால் பிசுபிசுவென்று திட்டாக நிற்கும். சில நிறுவனங்கள் ஏற்கெனவே பழக்கியது என்று சொல்லி அனுப்புகின்றன. அதற்குமேல் ஒரு தடவையாவது ஏற்றிவிடுங்கள். சீஸ் வழிந்தால் ஆறிய பிறகு சுரண்டி எடுக்க வேண்டும், ஊறவைக்கக்கூடாது. நம் ஈரக்காற்றில் ஈரத்தோடு விட்ட தகடு மறுநாளே செம்மண் நிறத்தில் எழுந்து நிற்கும். துரு வந்தால் தகடு போய்விட்டது என்று அர்த்தமில்லை, கம்பி நாரால் தேய்த்து மறுபடி எண்ணெய் ஏற்றினால் போதும். அதை ஓவனுக்குள்ளேயே விட்டுவைக்கிறவர்கள் கேக் சுடும் நாளில் மட்டும் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஓவன் காய நேரம் பிடிக்கும், கேக்கின் அடியும் தீயும். எடுக்கும்போது ஆறியிருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அணைத்து ஒரு மணி நேரம் கழித்தும் இந்த இரும்பு கையைச் சுடும், கறுப்பாகக் கிடப்பதால் பார்த்தால் தெரியாது.